இணையத் தளம் உங்கள் வியாபாரத்தை நசுக்கினால்: தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கும் முறை

கமிஷன் ஏறுகிறது. தேடல் பட்டியலில் கடை கீழே இறங்குகிறது. ஒரு நாள் காரணம் சொல்லாமலே விற்பனைக் கணக்கு முடங்குகிறது. டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வொர்த்தில் மசாலா அரைத்து விற்பவர், ஃபீனிக்ஸில் பிரியாணிக் கடை நடத்துபவர், டொங்காட்டில் பூஜைச் சாமான் விற்பவர் என்று பலருக்கும் இன்று வாடிக்கையாளர் வரும் வழி ஏதோ ஒரு இணையத் தளத்தின் கையில் இருக்கிறது. தளம் பெரியது, நாம் சின்னவர்கள், கேட்பதற்கு ஆளில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் அப்படி விட வேண்டியதில்லை. இங்குள்ள போட்டிச் சட்டம் சிறு வியாபாரியைப் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அந்தப் புகார் நிற்குமா விழுமா என்பது, எழுத உட்காருவதற்கு முன் நீங்கள் என்ன சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில், சரியான கதவுதானா என்று பாருங்கள்

1998ஆம் ஆண்டின் 89ஆம் எண் போட்டிச் சட்டம் மூன்று அமைப்புகளை உருவாக்கியது. பிரிட்டோரியாவில் உள்ள போட்டி ஆணையம் விசாரிக்கும். போட்டித் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லும். அதற்கு மேல் போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம். நீங்கள் போவது முதலாவதிடம்.

ஒரு நிறுவனம் பெரியதாக இருப்பது இந்தச் சட்டத்தில் குற்றமே இல்லை. ஏகபோகமாக இருப்பதுகூடக் குற்றமில்லை. அந்தப் பலத்தை வைத்து மற்றவர்களைச் சந்தையிலிருந்து விலக்குவதும், சிறு வியாபாரியிடம் நியாயமற்ற நிபந்தனையைத் திணிப்பதும்தான் குற்றம். “அவர்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள்” என்று தொடங்கும் புகார்கள் முதல் வடிகட்டலிலேயே நின்றுபோவது இதனால்தான்.

தளம் உங்களுக்குத் தரவேண்டிய பணத்தைத் தரவில்லை என்றால் அது ஒப்பந்தத் தகராறு; சிவில் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். வாங்கிய பொருள் பழுதாக வந்தது நுகர்வோர் விவகாரம். தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. உங்கள் சொந்தத் தகவல் கசிந்தால் தகவல் ஒழுங்காணையத்திடம் போங்கள். இவற்றை எல்லாம் ஒரே புகாரில் கலந்துவிட்டால், உள்ளே இருக்கும் நல்ல விஷயமும் சேர்ந்து அமுங்கிப்போகும்.

தளம் அமெரிக்காவிலோ நெதர்லாந்திலோ பதிவானது என்பது தடையல்ல. தென்னாப்பிரிக்காவுக்குள் விளைவை உண்டாக்கும் எந்தப் பொருளாதார நடவடிக்கைக்கும் சட்டம் பொருந்தும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது.

ஆதிக்க நிலை: 45, 35 என்ற இரண்டு எண்கள்

7ஆம் பிரிவின்படி சந்தையில் 45 விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருக்கும் நிறுவனம் ஆதிக்க நிலையில் இருக்கிறது. அதில் வாதத்துக்கு இடமில்லை. 35 முதல் 45 வரை என்றால், தனக்குச் சந்தைப் பலம் இல்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். 35க்குக் கீழே என்றால் சந்தைப் பலம் இருப்பதைக் காட்டும் சுமை புகார் தரப்புக்கு வரும்.

எண்களைவிடக் கடினமானது, எந்தச் சந்தையில் 45 என்பது. “எங்கள் பங்கு நாட்டின் மொத்தச் சில்லறை வியாபாரத்தில் சிறு துளி” என்றுதான் தளம் பதில் எழுதும். அதற்கு முன்னாலேயே நீங்கள் உங்கள் சந்தையைச் சரியாக வரையறுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பழகிய கேள்வி உண்டு: தளம் தன் கமிஷனை நிரந்தரமாக 5 முதல் 10 விழுக்காடு ஏற்றினால், உங்களைப் போன்ற விற்பனையாளர்கள் வேறு எங்கே போவார்கள்? போக இடமிருந்தால் அதுவும் சந்தையின் பகுதி. போக இடமில்லை என்றால் சந்தை அந்த அளவுக்குக் குறுகியது. கமிஷன் உண்மையிலேயே ஏறியபோது நீங்கள் வேறு தளத்தை முயன்றீர்களா, அங்கே மாதம் எத்தனை ஆர்டர் வந்தது, ஏன் திரும்பினீர்கள் என்பதை எண்களோடு எழுதுங்கள். எந்தப் பொருளாதார நிபுணரின் வாதத்தையும்விட அது வலுவானது.

இங்கே ஒரு குழி உண்டு. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் இணைய இடைநிலைத் தளங்கள் பற்றிய ஆணையத்தின் சந்தை விசாரணை 2021 மே மாதம் தொடங்கி, 2023 ஜூலை 31 அன்று இறுதி அறிக்கை தந்தது. அதில் சில நிறுவனங்கள் “முன்னணித் தளம்” என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் 7ஆம் பிரிவின் ஆதிக்க நிலையும் ஒன்றல்ல. சந்தை விசாரணை பார்ப்பது போட்டிக்குப் பாதகம் உண்டா என்பதை மட்டும்தான். அறிக்கையைத் துணையாகக் காட்டுங்கள். ஆதிக்க நிலை அதிலேயே தீர்ந்துவிட்டது என்று எழுதாதீர்கள்.

நடத்தைக்குப் பெயர் வையுங்கள்

பிரிவு எண் தெரியாவிட்டாலும் ஆணையம் புகாரை வாங்கிக்கொள்ளும். தெரிந்து எழுதினால் எதை நிரூபிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகும். இணையத் தளங்கள் விஷயத்தில் அடிக்கடி பொருந்துபவை இவை.

தளம் தன் போட்டியாளரோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று உங்களைக் கட்டாயப்படுத்துவது அல்லது ஆசை காட்டித் தடுப்பது, ஒரு சேவையை வாங்கினால்தான் இன்னொன்று என்று கட்டிவைப்பது, போட்டியாளரை ஒழிக்க அடக்கத்துக்கும் கீழே விற்பது ஆகியவை 8(1)(டி)யில் வரும். இந்த வகையில் ஒரு வசதி இருக்கிறது: போட்டிக்கு ஏற்படும் கேட்டைவிட நன்மை அதிகம் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழும். பட்டியலில் இல்லாத மற்ற விலக்கல் செயல்கள் 8(1)(சி)யில் வரும். தேடலில் தன் சொந்தப் பொருளை மேலே தூக்கி வைப்பது பெரும்பாலும் இந்த வகை. அங்கே சுமை புகார் தரப்பின் மேல். இரண்டிலும் பொருந்தக்கூடிய நடத்தையை முதலில் டியின் கீழும், மாற்றாகச் சியின் கீழும் எழுதுவது நல்லது.

அடக்கத்துக்குக் கீழே விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் மட்டும் கவனமாக இருங்கள். வெல்கம் வட்டாரத்தில் ஒரு சிறிய உள்ளூர்ப் பத்திரிகையை ஒழிக்க மீடியா24 என்ற பெரிய பத்திரிகை நிறுவனம் இன்னொரு பத்திரிகையை நஷ்டத்தில் நடத்தியது என்ற வழக்கில், 2009இல் கொடுத்த புகார் 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், கடைசியில் நிறுவனம் தப்பியது. காரணம் அடக்க விலையை அளக்கும் அளவுகோல். எதிராளியின் மாறும் செலவு எவ்வளவு என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. வேறு பிடி இருந்தால் அதைப் பிடியுங்கள்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 8(4) பிரிவுதான் சிறு வியாபாரிக்கு நேரடியாகக் கை கொடுப்பது. குறிப்பிட்ட துறைகளில் ஆதிக்க நிலையில் உள்ள வாங்குபவர், சிறு நடுத்தர வியாபாரிகள்மீதோ முன்பு ஒடுக்கப்பட்டோரின் நிறுவனங்கள்மீதோ நியாயமற்ற விலையையும் நிபந்தனையையும் திணிக்கக்கூடாது. மளிகை வியாபாரம், வேளாண் பதப்படுத்தல் இவற்றோடு மின்வணிகமும் இணையச் சேவைகளும் அந்தத் துறைகளில் அடக்கம். 2020 பிப்ரவரி 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய சங்கிலிக் கடைக்குக் குறைந்த கமிஷன், உங்களுக்கு அதிகக் கமிஷன் என்றால் 9ஆம் பிரிவின் விலைப் பாகுபாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது விலைச் சமன் நிபந்தனை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. கடையில் ரொட்டிக்குள் கறி வைத்த ஒரு பன்னி சாவ் 95 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் கமிஷன் 30 விழுக்காடு என்றால் 28.50 போய் உங்கள் கைக்கு வருவது 66.50. கைக்கு 95 வரவேண்டுமென்றால் தளத்தில் 135.71 போடவேண்டும். வாட் கணக்கை எளிமைக்காக விட்டுவிட்டோம். இப்போது “எங்கள் தளத்தின் விலையைவிடக் குறைவாக நீங்கள் வேறெங்கும் விற்கக்கூடாது” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்? ஒன்று, நஷ்டத்தில் விற்பீர்கள். அல்லது கடைக்கு நடந்து வருபவரிடமும் 115, 120 என்று வாங்குவீர்கள். தளத்தைத் தொடாத வாடிக்கையாளரும் தளத்தின் கமிஷனைக் கட்டுகிறார். அதோடு, 15 விழுக்காடு கமிஷனுக்கு ஒரு உள்ளூர் டெலிவரித் தளம் புதிதாக வந்தாலும் அங்கே விலையைக் குறைத்துக் காட்ட உங்களால் முடியாது. ஆகவே அது வளராது. உங்கள் புகாரில் இந்தக் கணக்கை உங்கள் சொந்த எண்களைப் போட்டு, ஒரே ஒரு பொருளுக்குச் செய்து காட்டுங்கள். அரைப் பக்கம் போதும்.

உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை நிறுவுங்கள்

1993ஆம் ஆண்டு அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன் இனத்தின் பேரில் நியாயமற்ற பாகுபாட்டுக்கு ஆளான வகையினர், 3(2) பிரிவின்படி முன்பு ஒடுக்கப்பட்டோர். இந்திய வம்சாவளித் தமிழர் இதற்குள் வருகிறார்கள். டர்பனிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் குடும்பம் குடும்பமாகப் பெயர்க்கப்பட்ட வரலாறே அதற்குச் சாட்சி. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் பங்கிலும் வாக்கிலும் பெரும்பான்மை அத்தகையவர்கள் கையில் இருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழ், பங்குதாரர் பட்டியல், கடந்த ஆண்டு விற்றுமுதல், வேலையாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் கொடுங்கள். இதை விட்டுவிட்டுப் புகார் கொடுத்தால் 8(4), 9 பிரிவுகளின் சிறப்புப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டா என்பதே தெரியாமல் போகும்.

ஏற்கெனவே கிடைத்திருக்கும் தீர்வு இருக்கிறதா?

புதிய வழக்கு நடத்துவதைவிடப் பழைய உத்தரவு மீறப்பட்டதைக் காட்டுவது பல மடங்கு எளிது. 2023 இறுதி அறிக்கையின் தீர்வுகள் வெறும் ஆலோசனைகள் அல்ல. 2018 திருத்தத்துக்குப் பிறகு அவை கட்டுப்படுத்தும்.

பாலிட்டோவிலோ உம்ஸ்லாங்காவிலோ விருந்தினர் விடுதி நடத்துபவர் கவனிக்க வேண்டியது, அறை முன்பதிவுத் தளமான புக்கிங்.காம் இரு வகை விலைச் சமன் நிபந்தனைகளையும் (வேறு தளங்களில் குறைத்து விற்கக்கூடாது என்பதையும், உங்கள் சொந்த இணையதளத்தில் குறைத்து விற்கக்கூடாது என்பதையும்) நீக்க வேண்டும் என்பது. உங்கள் சொந்த இணையதளத்தில் குறைந்த விலை போட்டால் யாரும் உங்களைத் தண்டிக்கக்கூடாது. டேக்கலாட் என்ற இணையச் சந்தையில் விற்பவருக்கு, அந்த நிறுவனத்தின் சில்லறைப் பிரிவு சந்தைத் தளத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பிற விற்பனையாளர்களின் தரவைச் சில்லறைப் பிரிவினர் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனை முக்கியம். தேடலில் உள்ளூர்த் தளங்களுக்குத் தென்னாப்பிரிக்கக் கொடி அடையாளமும் தனி வடிகட்டியும் தர கூகுள் ஒப்புக்கொண்டது. முன்பு ஒடுக்கப்பட்டோரின் வியாபாரங்களுக்குக் கட்டணச் சலுகை, தனிப்பட்ட வழிகாட்டல், விளம்பர உதவி போன்ற திட்டங்களும் பல தளங்களின்மேல் வைக்கப்பட்டன. இவை உங்களைத் தேடி வராது. விற்பனையாளர் உதவிப் பிரிவுக்கு, 2023 அறிக்கையைக் குறிப்பிட்டு, உங்களுக்கு உரிய திட்டம் எது என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதிலே ஒரு சான்று.

சான்று: இதற்குத்தான் அதிக நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும்

கணக்கு முடங்கும் நாளில் விற்பனையாளர் போர்ட்டலுக்குள் நுழையும் வழியும் மூடிவிடும். அப்போது பழைய அறிக்கைகள், செய்திகள், இன்வாய்ஸ்கள் எதுவும் உங்கள் கையில் இருக்காது. பிரச்சினை இல்லாத காலத்திலேயே மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள்: விற்பனை அறிக்கை, கமிஷன் இன்வாய்ஸ், விளம்பரச் செலவு, திருப்பி அனுப்பிய பொருள்களின் கணக்கு. போர்ட்டல் தரும் கோப்பை அப்படியே ஒரு தனி ஃபோல்டரில் விடுங்கள். கூட்டிக் கழிக்க வேண்டுமானால் பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். மூலக் கோப்பில் ஒரு கட்டத்தைத் திருத்தினாலும் அதன் தேதி மாறிவிடும், பிறகு அதன் நம்பகம் கேள்விக்குள்ளாகும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்கிறது. எவ்வளவு எடை கொடுப்பது என்பதை, அது எப்படிச் சேமிக்கப்பட்டது என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒப்பந்த விதிமுறைகளின் ஒவ்வொரு பதிப்பையும் பிடிஎஃபாகச் சேமியுங்கள். “விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன” என்று மின்னஞ்சல் வந்த அன்றே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளைக் குறித்துவிடுங்கள். பழையதைத் தவறவிட்டிருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடிப்பாருங்கள். பொதுவில் திறந்திருந்த பக்கம் என்றால் கிடைக்க வாய்ப்புண்டு, போர்ட்டலுக்குள் இருந்தது கிடைக்காது.

தேடல் வரிசையில் தளம் தன் பொருளை மேலே தூக்குகிறது என்பது புகாரானால், ஒரு ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிக்காது. தேடல் முடிவு ஆளுக்கு ஆள், மணிக்கு மணி மாறும். பித்தளைக் குத்துவிளக்கு விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடிக்கு முன்னால் ஆறு முதல் எட்டு வாரம், வாரத்தில் அதே கிழமை, அதே நேரம், கணக்கிலிருந்து வெளியேறி, மறைநிலைச் சன்னலில், அதே தேடுசொல்லைப் போடுங்கள். முழுப் பக்கத்தையும் முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி பிடியுங்கள். ஒரு அட்டவணையில் எழுதவேண்டியவை: தேதி, நேரம், தேடிய சொல், உங்கள் விளக்கு எத்தனையாவது, தளத்தின் சொந்த விளக்கு எத்தனையாவது, இரண்டின் விலை, நட்சத்திர மதிப்பீடு, டெலிவரி நாள், விளம்பரம் என்ற குறி இருந்ததா. கடைசி நான்கையும் பலர் விட்டுவிடுவார்கள். “உங்கள் மதிப்பீடு குறைவு, டெலிவரி தாமதம், அதனால்தான் கீழே” என்பதுதான் தளத்தின் முதல் பதிலாக வரும். உங்கள் மதிப்பீடு 4.7, அவர்களுடையது 4.1, டெலிவரி நாள் ஒன்றே, விலையும் உங்களுடையது குறைவு, ஆனாலும் எட்டு வாரமும் அவர்கள் மேலே என்று அட்டவணை காட்டினால் அந்தப் பதில் அங்கேயே நின்றுவிடும். காட்டாவிட்டால், புகாரை அனுப்பாமல் இருக்கவும் அதே அட்டவணை உதவும்.

உதவிப் பிரிவோடு தொலைபேசியில் பேசினால், அன்றே “நாம் பேசியது இது” என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் முழு உரையாடலாக ஏற்றுமதி செய்யுங்கள்; நடுவில் வெட்டிய உரையாடல் சந்தேகத்தைக் கிளப்பும். சக வியாபாரிகளோடு தமிழில் பேசிய செய்திகள் சான்றானால் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைக்கவேண்டும். அரசியலமைப்பின் 6(5) பிரிவு தமிழைப் பெயர் சொல்லிப் போற்றினாலும் அது ஆட்சிமொழி அல்ல. ஆணையத்துக்கு நீங்களே மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். தீர்ப்பாயம் வரை போனால் உயர்நீதிமன்றம் அங்கீகரித்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம்.

சிசி1 படிவத்தை நிரப்புவது

49பி பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது. எந்த வடிவிலும் தகவல் மட்டும் தரலாம். அல்லது சிசி1 படிவத்தில் முறையான புகார் தரலாம். தகவல் கொடுத்தால் அதோடு உங்கள் பங்கு முடிகிறது. முறையான புகார் கொடுத்தவருக்குத்தான் காலக்கெடுவும், ஆணையம் கைவிட்டால் தானே தீர்ப்பாயம் போகும் உரிமையும் உண்டு. முன்னே வர முடியாத நிலை இல்லை என்றால் சிசி1தான் சரி. பிரிட்டோரியாவுக்குப் பயணப்படத் தேவையில்லை, மின்னஞ்சலில் அனுப்பலாம்.

படிவம் சின்னது. உயிர் அதன் இணைப்பில் இருக்கிறது. ஐந்து பக்கத்துக்குள் எழுதுங்கள்; சான்றுகள் தனியே, எண்ணிட்டு. எதிர்த்தரப்பு யார் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். செயலியின் பெயர் ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல. ஒப்பந்தத்தின் முதல் பத்தியிலும் கமிஷன் இன்வாய்ஸின் அடியிலும் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் வெளிநாட்டுக் கம்பெனியோடும் இன்வாய்ஸ் உள்ளூர்க் கம்பெனியிடமிருந்தும் வரலாம். இரண்டையும் குறிப்பிடுங்கள்.

பிறகு இந்த வரிசையில் போகலாம்: நீங்கள் யார், எந்தச் சந்தை, அதில் தளத்தின் பலம், என்ன செய்தார்கள், எப்போது தொடங்கியது, இன்னும் நடக்கிறதா, உங்களுக்கு என்ன ஆயிற்று, உங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் நுகர்வோருக்கும் என்ன ஆயிற்று, என்ன உத்தரவு வேண்டும். தேதி முக்கியம். நடத்தை நின்று மூன்று ஆண்டு கடந்த பிறகு தொடங்கும் புகாரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப முடியாது என்கிறது 67ஆம் பிரிவு. இன்னும் தொடர்கிறது என்றால் அதை ஒரு வரியில் தெளிவாகச் சொல்லி, கடைசியாக நடந்த தேதியின் சான்றை இணையுங்கள்.

எழுதும் விதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. “தளம் எங்களை மிரட்டி வேறு எங்கும் விற்கவிடாமல் செய்தது” என்பது எதற்கும் உதவாது. “மார்ச் 3 அன்று வந்த மின்னஞ்சல், இணைப்பு 4: வேறொரு டெலிவரித் தளத்தில் எங்கள் உணவுப் பட்டியலை நீக்கினால் கமிஷன் 30இலிருந்து 24 ஆகக் குறையும் என்று சொல்கிறது. மார்ச் 10 அன்று நீக்கினோம். அதே தெருவில் உள்ள இன்னும் மூன்று கடைகளுக்கும் இதே மின்னஞ்சல் வந்தது, இணைப்புகள் 5 முதல் 7” என்பது புகார். கடைசி வரியைக் கவனியுங்கள். ஒருவருக்கு மட்டும் நடந்தால் தகராறு, பலருக்கும் நடந்தால் சந்தையின் பிரச்சினை.

அடக்க விலை, கொள்முதல் இடம், மசாலாவின் கலவை விகிதம் போன்றவை எதிர்த்தரப்பின் கைக்குப் போகக்கூடாது என்றால், ரகசியக் கோரிக்கைக்கான சிசி7 படிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 44ஆம் பிரிவின்படி ஒவ்வொரு தகவலும் ஏன் ரகசியம் என்று எழுதவேண்டும். எல்லாவற்றையும் ரகசியம் என்று குறித்தால் கோரிக்கை முழுவதுமே பலவீனமாகும். இரண்டு பிரதிகள் தயாரியுங்கள், ஒன்று முழுமையானது, மற்றது ரகசிய வரிகள் கறுப்பாக மறைத்தது. மறைத்த பிரதியை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கணினியில் கறுப்புப் பட்டை மட்டும் போட்டால் அடியில் உள்ள எழுத்தை நகலெடுக்க முடியும்.

புகார் கொடுத்தால் கணக்கை மூடிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. 8(4), 9 பிரிவுகளிலிருந்து தப்புவதற்காகச் சிறு வியாபாரியோடு வியாபாரம் செய்ய மறுப்பதையும் சட்டம் தனியே தடை செய்திருக்கிறது. புகாருக்குப் பிறகு திடீர் மாற்றம் எதுவும் நடந்தால் தேதியோடு உடனே ஆணையத்துக்குத் தெரிவியுங்கள்.

சேர்ந்து புகார் கொடுக்கலாம். சேர்ந்து விலை பேசக்கூடாது

பத்துக் கடைகள் ஒன்றாகப் புகார் கொடுப்பது நல்லது, சட்டப்படி சரி. ஆனால் அதற்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் “நாம் எல்லோரும் திங்கள் முதல் பிரியாணிக்கு 20 ரேண்ட் ஏற்றுவோம்” என்று ஒருவர் எழுதி மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டினால், அது 4(1)(பி)யில் வரும் கார்டெல். போட்டியாளர்கள் விலை பேசிக்கொள்வதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. கடை சிறியது என்பதும், பெரியவனை எதிர்த்துத்தான் செய்தோம் என்பதும் பதிலாகாது. 2016 மே 1 முதல் இயக்குநர்கள்மீது குற்ற வழக்கும் வரலாம்: 5,00,000 ரேண்ட் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எல்லோரும் ஒரே நாளில் தளத்தை விட்டு வெளியேறலாம் என்ற யோசனையையும் வக்கீலிடம் கேட்காமல் தொடாதீர்கள். கூட்டாகப் பேரம் பேசியே ஆகவேண்டும் என்றால், 10ஆம் பிரிவின் கீழ் ஆணையத்திடம் முன்கூட்டியே விலக்கு கேட்கும் வழி உண்டு. குழுவில் சான்றும் புகாரும் மட்டும் பேசுங்கள், யார் என்ன விலைக்கு விற்கப்போகிறார் என்பது வேண்டாம்.

கொடுத்த பிறகு

ஆணையத்துக்கு ஓராண்டு உண்டு. அதற்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும் அல்லது அனுப்பவில்லை என்று அறிவிக்கவேண்டும். உங்கள் சம்மதத்தோடோ தீர்ப்பாயத்தின் அனுமதியோடோ காலம் நீளலாம். நீட்டிக்காமல் ஓராண்டு முடிந்துவிட்டால் கைவிட்டதாகவே கொள்ளப்படும். நீட்டிப்புக் கடிதம் வந்தால் எந்தத் தேதி வரை என்று பார்த்துக் கையெழுத்திட்டு, அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கைவிட்டதாக அறிவித்தால் 20 வேலைநாளுக்குள் நீங்களே தீர்ப்பாயம் போகலாம். சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை சேராது. சத்தியக் கடிதம் வேண்டும். காவல் நிலையத்தில் கட்டணமின்றி உறுதிசெய்து தருவார்கள். ஆனால் இந்தப் படியில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள், ஏனென்றால் தானே வழக்குக் கொண்டுபோய்த் தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும்படி 57ஆம் பிரிவின் கீழ் உத்தரவு வரலாம்.

ஓராண்டு காத்திருந்தால் கடையே இருக்காது என்ற நிலைக்கு 49சி பிரிவு இடைக்கால நிவாரணம் தருகிறது. நடத்தைக்கான சான்று, பெருஞ்சேதம் அல்லது மீட்கமுடியாத சேதம், இருதரப்புச் சௌகரியச் சமநிலை (உத்தரவு வந்தால் அல்லது வராவிட்டால் யாருக்கு அதிகக் கஷ்டம் என்பது) மூன்றையும் தீர்ப்பாயம் எடைபோடும். உத்தரவு ஆறு மாதம் வரை நிற்கும், இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். அரசுக்கும் மக்களுக்கும் இடையே வாட்ஸ்அப் வழியாகச் செய்தி கொண்டுபோன உள்ளூர் நிறுவனமான கவ்சாட்டை ஃபேஸ்புக் தன் தளத்திலிருந்து நீக்க முனைந்தபோது, 2021 மார்ச்சில் தீர்ப்பாயம் இதே பிரிவில் தடை விதித்தது. ஓராண்டு கழித்து 2022 மார்ச்சில் ஆணையம் முழு வழக்கைத் தொடுத்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றைச் சில மாதங்களுக்குள் நிறுத்திவைக்க இந்தப் பிரிவுக்கு முடிகிறது.

வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஒரு பத்தியில் குறிப்பிடலாம். கூகுள் தேடலில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்ததும், பொருள் ஒப்பீட்டுச் சேவை வழக்கில் ஐரோப்பிய ஆணையம் 2017இல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதிசெய்ததும் இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. நடத்தை எப்படி வேலை செய்கிறது என்று விளக்க அவை உதவும், அவ்வளவே.

கடைசியாகப் பணம். குற்றம் நிரூபணமானால் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை, திரும்பச் செய்தால் 25 வரை அபராதம். அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் நஷ்டத்துக்கு 65ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத் தலைவரிடம் சான்றிதழ் வாங்கி சிவில் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடவேண்டும். அந்த உரிமை பிறப்பது தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வந்த நாளில். மேல்முறையீடு நடந்தால் அது முடிந்த நாளில். டிராவல் ஏஜெண்டுகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் போட்டியாளரின் டிக்கெட்டை விற்கவிடாமல் செய்ததற்காக சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸுக்கு 2005இல் 4.5 கோடி ரேண்ட் அபராதம் விழுந்தது. அடுத்த ஆண்டுகளிலும் அதே மாதிரித் திட்டம் தொடர்ந்ததும் நிரூபணமானது. போட்டியாளரான நேஷன்வைட் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 10.46 கோடி ரேண்ட் இழப்பீடு என்று நீதிமன்றம் சொன்னது 2016இல். அந்த விமான நிறுவனம் 2008லேயே பறப்பதை நிறுத்தியிருந்தது. இழப்பைக் கணக்கிட நீதிமன்றம் கேட்பது நடத்தைக்கு முன்னும் பின்னுமான விற்பனை எண்களை. வருமான வரிக்காக ஐந்தாண்டு வைத்தால் போதும் என்று ரசீதுகளை எறியும் பழக்கம் இருந்தால், புகார் கொடுத்த நாளோடு அதை நிறுத்திவிடுங்கள். புகாருக்கு இரண்டாண்டு முந்தைய கணக்கிலிருந்து எதையும் தூக்கிப்போடாமல், வழக்கு முழுவதும் முடியும்வரை வைத்திருங்கள்.